கணக்கு மாற்றம் இலவசம்

போன வாரம் உங்களில் ஒருவர் போனில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், டொமைன் பேரை விக்க விளம்பரம் போடறப்ப 'கணக்கு மாற்றம் இலவசம்'னு ஒரு வரி சேக்கலாங்களா, வேண்டாங்களா?" பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வரியைப் பல வருடம் என் விளம்பரங்களில் எழுதியவள் நான். ஒருநாள் அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதைப் போனில் சொல்லி மாளாது. அதனால் உங்கள் எல்லோருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளுக்கான பெயர்களை, முன்கூட்டியே பதிந்து வைத்து விற்கிற இந்தத் தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது பெயர்கள் வருகின்றன. நான் விற்றவை, விற்காமல் கைவிட்டவை, யாரும் கேட்காமல் வருடக்கணக்கில் என்னிடம் கிடந்தவை. ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகர்ந்து போகும். ஒரு பெயர் மட்டும் போகாமல் நிற்கும்.

தொழிலுக்கு இப்போதுதான் வந்திருப்பவர்களுக்காக முதலில் ஒன்று. விற்ற பெயரை வாங்கியவர் கைக்குச் சேர்க்க இரண்டு வழி உண்டு. பெயரைப் பதிந்து வைத்திருக்கும் பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொரு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்குச் செலவும் ஆகும், நாளும் ஆகும். இல்லையென்றால், அதே நிறுவனத்துக்குள் நம் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குத் தள்ளிவிடலாம். இதற்குப் பெரும்பாலும் கட்டணமே கிடையாது; ஒரு நிமிடத்து வேலை. இலவசம் என்று நாம் எழுதுவது இந்த இரண்டாவதைத்தான். யாரிடம் வாங்கினாலும் இலவசமாகக் கிடைப்பதை நம்முடைய தாராளம்போல எழுதுகிறோம். டீக்கடையில் 'குடிதண்ணீர் இலவசம்' என்று பலகை மாட்டிய மாதிரிதான். ஆனால் புதிதாக வாங்க வருகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அந்த வரியைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் தெளியும். என்னிடம் வந்தவர்களில் பலர் அப்படித்தான் வந்தார்கள்.

குமரேசனும் சிவராஜும் அப்படி வந்தவர்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற தொழில். குமரேசன் வண்டியோடு வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர். சிவராஜ் அவருடைய மனைவியின் தம்பி. ஊரிலிருந்து ஆபீஸைப் பார்த்துக்கொண்டார். என்னிடம் 'நீர்க்கண்' என்று ஒரு பெயர் இருந்தது. ஒரு கோடையில் சேலத்திலிருந்து பஸ்ஸில், மல்லூர் தாண்டி, காய்ந்த மேட்டுக்காடுகளைப் பார்த்தபடியே வந்தபோது மனதில் தோன்றிய சொல் அது. எதற்கென்று தெரியாமலே வீட்டுக்கு வந்ததும் பதிந்து வைத்தேன். பல வருடம் கழித்து அதைத் தேடிக்கொண்டு தண்ணீர்க்காரர்களே வந்தார்கள்.

ராசிபுரத்தில் என் வீட்டு மாடி அறையில்தான் விற்பனை. முன்பு அங்கே டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தினேன். ஊர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது அதனால்தான். இருவருக்கும் பதிவு நிறுவனத்தில் கணக்கு ஏதும் இல்லை.

"நீங்களே ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுத்துருங்க டீச்சர்" என்றார் சிவராஜ்.

ஆரம்பித்தேன். இருவருக்கும் பொதுவாகக் குமரேசன் பெயரில். சரிபார்க்கும் எண் வந்து சேர ஒரு கைபேசி எண் கேட்டது. குமரேசன் போகிற மாநிலத்துக்கெல்லாம் சிம் மாற்றுகிறவர். சிவராஜின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

"உங்க நம்பரே இருக்கட்டுங்க. நீங்க நம்ம ஊட்டு ஆளு மாதிரி தானுங்க" என்றார் குமரேசன்.

என் எண்ணைப் போட்டேன். பிறகு மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யாரும் மாற்றவில்லை, நானும் நினைவூட்டவில்லை. பாஸ்வேர்டை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெயரை அவர்கள் கண்ணெதிரிலேயே தள்ளினேன். என் பக்கத்தில் ஒரு வரி மறைந்தது. அவர்கள் பக்கத்தில் தோன்றியது.

"அவ்வளவுதானுங்களா?" என்று குமரேசன் திரையையே பார்த்தார். "ஆயிரம் அடி ஓட்டுனாத்தானுங்க எங்களுக்கு ஒரு வேலை முடியும். நீங்க ஒரு வெரல்ல முடிச்சுட்டீங்க."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு நான் இன்னொன்றும் சொன்னேன். "எப்ப மாத்தணும்னாலும் வாங்க. எங்கிட்ட அது எப்பவுமே இலவசம்தான்." மனதாரத்தான் சொன்னேன். யார் வந்தால், யாரைக் கேட்டு, யாருக்கு மாற்றித் தருவேன் என்றெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் கேள்விகள் ஒளிந்துகொள்ளும்.

நாலு வருடம் போனது. ஒரு மத்தியானம், மாதாமாதம் மின்சாரம் நிறுத்துகிற நாள். காற்றில்லை. தெருவே வெயிலில் கிறங்கிக் கிடந்தது. ஈரத்துண்டைத் தரையில் விரித்துப் படுத்திருந்தவள் படியேறும் சத்தம் கேட்டு எழுந்தேன். பாதித் தூக்கம் கண்ணிலேயே இருந்தது. வந்தது சிவராஜ். இளைத்திருந்தார், கண் சிவந்திருந்தது.

"டீச்சர், நானும் மச்சானும் தொழிலைப் பிரிச்சுக்கிட்டோமுங்க. பேரு எனக்குன்னு பேச்சு. என் கணக்குக்கு மாத்திக் குடுத்துருங்க."

"குமரேசன் வரலீங்களா?"

"சத்தீஸ்கர்லீங்க. காட்டுக்குள்ள ஓட்டிக்கிட்டிருக்காரு. டவர் கெடைக்காதுங்க."

நான் குமரேசனை இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் இந்தியில் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது.

"அவரு ஒரு வார்த்தை சொல்லட்டுமே. நாளைக்குப் பாக்கலாமுங்களா?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு டெண்டர் அனுப்போணுமுங்க. இந்தப் பேரு என்னுதுன்னு காட்டுனாத்தான் எடுத்துக்குவாங்க. இதை உட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

தயங்கி நின்றேன். அவர் தன் கைபேசியை எடுத்து என் பக்கம் நீட்டினார். என் பழைய விளம்பரம். கணக்கு மாற்றம் இலவசம் என்ற வரியைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"நீங்க எழுதுனதுதானுங்களே? எப்ப வேணும்னாலும் வாங்கன்னு உங்க வாயாலயும் சொன்னீங்க. நானென்ன திருடவா வந்திருக்கறேன்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும். குமரேசனின் பெயரை எடுத்துக் கொடுக்கிறேனே என்று நான் நினைக்கவில்லை. கொடுத்த வாக்கை மீறுகிறேனே என்றுதான் நினைத்தேன். மடிக்கணினியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. பாஸ்வேர்டு தெரியாது என்று கொடுத்தேன்; உள்ளே போகச் சரிபார்க்கும் எண் என் கைபேசிக்கே வந்தது. அடித்தேன், அழுத்தினேன். ஒரு வரி மறைந்தது.

அதற்கு ஒரு கட்டணம் இருந்திருந்தால், நிரப்ப ஒரு படிவம் இருந்திருந்தால், ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தால், எனக்குத் தூக்கம் முழுதாகத் தெளிந்திருக்கும். ஒன்றுமே தேவைப்படவில்லை.

சிவராஜ் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். திரும்பவும் படுத்தேன். மின்சாரம் வந்து மின்விசிறி சுழன்றபோது எழுந்து, நடந்ததெல்லாம் கனவோ என்றுகூட நினைத்தேன். கைபேசியைத் திறந்தால் மாற்றத்தை உறுதி செய்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் குமரேசனை அழைத்தேன். அதே பெண்குரல்தான். பிறகு நான் அழைக்கவில்லை. பிரித்துக்கொண்டார்கள் என்றால் பேசித்தானே வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, மாடிக்கு வந்தும் உட்காராமல் நின்றார்.

"நான் குமரேசன் சம்சாரமுங்க, சுமதி. சிவராஜோட அக்கா."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குமரேசனுக்கு அங்கே அடுத்த வேலையாக ஒரு கிராமத்தில் வரிசையாகக் கிணறுகள் போட வேண்டியிருந்தது. மழைக்கு முன் முடிக்கிற வேலை. எந்த இடத்துக்கு, எந்த நாளில் வர வேண்டும் என்று அந்தக் கிராமத்தார் எழுதிய கடிதம் நீர்க்கண் பெயரிலிருந்த மெயிலுக்குப் போனது. பெயர் கைமாறியதில் அந்த மெயில் நின்றுபோயிருந்தது. சிவராஜும் இன்னும் சரிசெய்து முடிக்கவில்லை. கடிதம் திரும்பிப் போய்விட்டது. குமரேசன் தன் ஆட்களோடு நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் எட்டு நாள் காத்திருந்தார். வேலை வேறு வண்டிக்குப் போனது.

"தம்பிகிட்டக் கேட்டா, பேரு எங்கிட்ட மாறிருச்சு அக்காங்கறான். எப்படி மாறுச்சுன்னு வாயத் தொறக்க மாட்டேங்கறான்." சுமதி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அந்த பாஸ்வேர்டு எழுதுன சீட்டு எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. பீரோவுல. அது அவருக்கும் தெரியும்."

"உங்க வீட்டுக்காரர் உங்களைச் சந்தேகப்படறாருங்களா?"

"கேக்கலீங்க. ஒரு வார்த்தை கேக்கலீங்க. வந்தாரு, குளிச்சாரு, சாப்ட்டாரு, மறுக்கா வண்டிக்குப் போயிட்டாரு. கேட்டா, நான் குடுக்கலைன்னு சொல்லலாம். கேக்காதவருகிட்ட என்னன்னுங்க சொல்றது?" பிறகு என்னை நேராகப் பார்த்தார். "எப்படி மாறியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுங்களா டீச்சர்?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. 'சிவராஜ்கிட்டயும் பாஸ்வேர்டு இருந்திருக்கும்' என்று சொன்னால் போதும். யாராலும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. இத்தனை வருடம் கட்டிக் காத்த நல்ல பேரும் அப்படியே இருக்கும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுமதி நின்றுகொண்டே இருந்தார்.

"நான்தானுங்க மாத்திக் குடுத்தேன்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானை நுனியை விரலிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "இதை அவருகிட்ட நீங்களே வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"வாரேனுங்க."

மறுநாள் திருச்செங்கோடு போனேன். அங்கிருந்து சுமதியின் ஸ்கூட்டரில். சங்ககிரி தாண்டி எடப்பாடிப் பக்கம் ஒருவருடைய மானாவாரிக் காட்டில் குமரேசன் போர் போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் கானல். தார்ச்சாலை முன்னால் நீராகி ஓடிக்கொண்டே இருந்தது; நாங்கள் நெருங்க நெருங்க விலகிப் போனது. தூரத்தில், மேகம் ஒன்று இறங்கிக் காட்டின் மேல் உட்கார்ந்ததுபோல வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"அதுதானுங்க வண்டி" என்றார் சுமதி.

பாறைத்தூள். பூமிக்குள்ளிருந்து பீறிட்டு மேலே போய், மெதுவாக எல்லாவற்றின் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சே எழாது. சுமதி என் காதருகே வந்து, "ஓட்டி முடியற வரைக்கும் அவருகிட்ட யாரும் பேச மாட்டாங்க" என்றார். ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். எதிரே, அந்தக் காட்டுக்காரரும் அவர் மனைவியும் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூள் இறங்க இறங்க வேலமர இலை, கட்டியிருந்த ஆடுகள், சுமதியின் தலைமுடி, என் கைகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அவ்வளவு பெரிய சத்தமும் கேட்கக் கேட்க நிசப்தம் மாதிரியே ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்: மின்சாரம் இல்லை, உங்களை அழைத்தேன், அஞ்சு மணி டெண்டர், நான் எழுதிய வரி.

சத்தம் நின்றது. குமரேசன் தலை முதல் கால் வரை வெள்ளையாகக் காட்டுக்காரரிடம் நடந்து வந்தார்.

"ஆயிரம் அடி போயிருச்சுங்க. தூளுதான் வருது. தண்ணி இல்லீங்க."

"இன்னொரு அம்பதடி பாக்கலாமுங்களா?"

"சொன்னீங்கன்னா ஓட்டறேனுங்க. ஆனா இல்லீங்க."

அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பூமியைக் குறை சொல்லவில்லை, தண்ணீருக்கு இடம் பார்த்துச் சொன்னவரைக் குறை சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்த மனிதர் முகத்துக்கு நேராக நின்றார், அவ்வளவுதான். காட்டுக்காரர் குனிந்து ஒரு பிடி தூளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். பிறகு மனைவியிடம், "ஆளுகளுக்கு மோரு கொண்டா" என்றார்.

நான் அடுக்கி வைத்திருந்த காரணங்களெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்து போயின. குமரேசன் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"டீச்சரு எங்கீங்க இந்தக் காட்டுக்கு?"

"உங்க பேரை சிவராஜ் கணக்குக்கு மாத்தினது நான்தானுங்க. உங்களைக் கேக்காம மாத்திட்டேன். சுமதிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெள்ளைக்கு அடியிலிருந்து அவர் முகம் வந்தது. களைத்த முகம்.

"மாப்ள உங்ககிட்ட வந்து கேட்டானுங்களா?"

"கேட்டாரு."

"எங்கிட்டக் கேக்கல." துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்க டீச்சர். ஆபீஸு அவனுது, பேரு அவனுக்குத்தான் வேணும். எனக்கு வண்டி போதும். என் கையால எடுத்துக் குடுத்திருப்பேன். அதை நீங்க குடுத்துட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காட்டுக்காரரிடம் சொன்ன அதே குரல். பிறகு சுமதி பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளாகப் பேசாதவர்.

"மோரு குடிச்சியா?"

சுமதி இல்லையென்று தலையசைத்தார். குமரேசன் தனக்கு வந்த சொம்பை அவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் குமரேசனே சிவராஜுக்குப் போன் போட்டு, "பேரு உன்னுதாவே இருக்கட்டும் மாப்ள. எனக்கு வார லெட்டரை மட்டும் அனுப்பி உடு" என்று சொன்னாராம். சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொழில் மறுபடி ஒன்று சேரவில்லை. போன வேலையும் திரும்பவில்லை. ஆனால் சுமதி தம்பி வீட்டுக்குப் போய் வருகிறார்.

நான் அன்றைக்கு வீடு திரும்பியதும், மற்றவர்களுக்காக ஆரம்பித்துக் கொடுத்த கணக்குகளை எல்லாம் தேடினேன். என் எண்ணே இருந்த ஒவ்வொன்றுக்கும் உரியவரை அழைத்து, அவர் எண்ணைப் போட வைத்தேன். இரண்டு மாதம் பிடித்தது. சிலருக்கு நான் யாரென்றே நினைவில்லை. அத்தனை வீட்டுச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன்.

விளம்பரத்தில் அந்த வரி இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'வாங்குபவர் தாமே தொடங்கிய கணக்குக்கு, ஒரு முறை, மாற்றித் தரப்படும். அதன்பின் பெயர் அவருடைய பொறுப்பு.' கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். வந்தவர்களுக்குப் போனிலேயே எல்லாம் சொன்னேன்: இந்த மாற்றத்துக்குச் செலவில்லை, வேறு நிறுவனத்துக்குப் போனால் செலவு உண்டு, புதுப்பிக்கும் தேதி இது, அது உங்கள் தலையில். பயந்தவர்களுக்கு அதிலேயே பயம் தெளிந்தது. ஆகவே இலவசம் என்று போடுவதா, வேண்டாமா என்று கேட்டவருக்கு என் பதில்: போடுங்கள், தப்பில்லை. ஆனால் எது, யாருக்கு, எத்தனை முறை, யாரைக் கேட்டு என்பதையும் அதே வரியில் எழுத முடிந்தால் போடுங்கள். எழுதிப் பார்த்தால், அந்தச் சொல்லே வேண்டாம் என்று உங்களுக்கும் தோன்றலாம்.

அன்று திரும்பி வந்த பஸ்ஸைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்கால வெயில் சாய்ந்து அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் தலையையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போர் போட்டீங்களா சாமி?"

"ஆமாங்க. இன்னொருத்தர் காட்டுல."

"தண்ணி வந்துச்சுங்களா?"

வந்தது என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். யாருக்கும் நட்டமில்லை.

"வரலீங்க" என்றேன்.

"அட, போவுது உடுங்க" என்று எழுந்து தன் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். "இப்படி வாங்க. காத்து வரும்."

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் வேகம் எடுத்ததும் தலையிலிருந்த வெள்ளைத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, மஞ்சள் வெயிலில், யார் யாருடைய காடுகளின் மேலோ போய்க்கொண்டே இருந்தது. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. ராசிபுரம் வந்ததும் அந்த அம்மாதான் தோளைத் தொட்டு எழுப்பினார்.